கார்டில் இல்லாத பழுப்பு

சாயப்பட்டறையின் ஆண்கள் கழிவறையில் அந்தப் பழுப்பை முதலில் கவனித்தது நான்தான். மற்றவர்கள் கண்ணில் பட்டிருந்தாலும் அவர்களுக்கு அது அழுக்கு. எனக்கு அது கலர். தரையில் பதித்த வெள்ளை ஓட்டில், தண்ணீர் வடிகிற ஓட்டையைச் சுற்றி, ஒரு விரற்கடை அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன். பால் விடாத கடுந்தேயிலையின் நிறம், அதில் சிவப்பு கொஞ்சம் தூக்கல்.

நான் அங்கே கலர் மாஸ்டர். யாராவது ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே நிறம் வேண்டும் என்று கேட்டால், எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று சொல்வது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். நான் சரி என்று சொல்லாமல் ஒரு முழத் துணி வண்டி ஏறாது. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் என் மனைவியே சிரித்துவிடுவாள். தலைக்கனத்தோடு கூடப் பிறந்தது சந்தேகம். வெயிலில் ஒன்றாகவும் டியூப்லைட்டில் வேறாகவும் தெரிகிற துணியோடு மாரடிக்கிறவன் எதையும் ஒரே பார்வையில் நம்ப மாட்டான். மனிதர்களையும் அப்படியே இரண்டு வெளிச்சத்தில் பார்த்துப் பழகிவிட்டேன்.

அந்த வாரம்தான் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். பழுப்புச் சாயப் பொடி எடை குறைகிறதாம். வாங்கியதற்கும் செலவானதற்கும் இருப்பதற்கும் ஒத்து வரவில்லை, மாதத்துக்கு இரண்டு கிலோ எங்கேயோ போகிறது என்றார். சாய அறையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்பதையும் போகிற போக்கில் ஞாபகப்படுத்தினார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கண்டுபிடித்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

காணாமல் போவது பழுப்பு. கழிவறையில் கிடப்பதும் பழுப்பு. இதற்கு மேல் என்ன வேண்டும்? எவனோ பொடியை இடுப்பில் மறைத்துக்கொண்டு வந்து, கழிவறைக்குள் வைத்துப் பொட்டலம் மாற்றுகிறான், கை தவறிச் சிந்துகிறது, தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறான். படம் போட்டுக் காட்டிய மாதிரி எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பாய்லர்காரரிடம் மட்டும் ஜாடையாகக் கேட்டேன், அங்கே ஏதாவது கறை பார்த்தீரா என்று. அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே வேலை பார்க்கிறவன் அழுதால் கண்ணீர்கூடக் கலராகத்தான் வரும் என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கிளறப் போனார். எங்கள் பட்டறையில் எல்லோரும் சொல்கிற பேச்சு அது. எச்சில் துப்பினால் நீலம், மூக்கைச் சிந்தினால் பச்சை, சட்டைக் காலரில் வேர்வை ஆரஞ்சு. உடம்பிலிருந்து எந்த நிறத்தில் எது வந்தாலும் சாயம் என்று சொல்லித் துடைத்துக்கொண்டு போவோம்.

நான் முறையாக வேலையைத் தொடங்கினேன். வெள்ளைத் துணியை இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு துண்டாகக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஓட்டில் பழுப்பைக் கண்ட நாளெல்லாம் ஒரு துண்டை அதில் ஒற்றி, காயவைத்து, ஒரு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினேன். அன்று யார் யார் எத்தனை தடவை உள்ளே போனார்கள் என்பதையும் குறித்துக்கொண்டேன். அருவருப்பாக இல்லையா என்று கேட்டால், இல்லை. திருடனைப் பிடிக்கிற சுகத்தில் மூக்கு வேலை செய்யாது. ஃபினாயில் நாற்றமும் கூட இருந்தது.

ஒட்டிய துண்டுகளை, சாயக் கம்பெனி நிற மாதிரிகளை ஒட்டித் தருகிற ஷேடு கார்டில் இருக்கிற முப்பத்தாறு பழுப்புகளோடும் வைத்துப் பார்த்தேன். ஒன்றோடும் ஒட்டவில்லை. ஒரு துண்டைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க விட்டேன். மொத்தமாகப் போய்விட்டது. சாதாரண ஆள் இங்கே கொஞ்சம் யோசித்திருப்பான், சாயமாக இருந்தால் இப்படிப் போகுமா என்று. நான் சாதாரண ஆள் இல்லையே. உப்பும் சோடாவும் சேர்க்காமல், சூடும் காட்டாமல் சாயம் துணியைப் பிடிக்காது, அதனால்தான் போகிறது என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன். தொழில் தெரிந்தவன் தன்னை ஏமாற்றிக்கொள்ள ஆரம்பித்தால் தடுக்க ஆளே கிடையாது.

ஐந்தாறு வாரத்தில் நோட்டு ஓர் ஆளைக் காட்டியது. என் மச்சினன். மனைவியின் தம்பி, முப்பத்தொரு வயது, மூன்றாம் நம்பர் சாய இயந்திரத்தில் நிற்பவன். வேலை வாங்கிக் கொடுத்தது நான். தங்கியிருப்பது என் வீட்டின் பின்னறையில். பேச்சு குறைவு, ஆள் வாட்டசாட்டம். முன்பெல்லாம் அவன் வீட்டுக்குள் வந்தால் தரை அதிரும் என்று அவன் அக்காள் கேலி செய்வாள்.

ஊரான் வீட்டுப் பிள்ளை என்றால் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். இவன் மாட்டினால் பொடியை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். என் இருபத்திரண்டு வருஷமும் சாக்கடைக்குப் போய்விடும். அதனால் ஐயம் திரிபறத் தெரிந்துகொள்ளும் வரை மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தேன். மனைவியிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து வீட்டிலும் அவனைக் கண்காணிக்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க எல்லாமே இடித்தது. காலையில் எழுந்து வரும்போது முகம் உப்பியிருந்தது, கண் இமை இரண்டும் தடித்திருந்தன. குடிக்கிறான் என்று எழுதினேன். ஷூவின் பின்பக்கத்தை மடித்து மிதித்து, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு நடந்தான். காலுக்குள் எதையோ வைத்துக் கடத்துகிறான் என்று எழுதினேன். ஒரு நாள் தொண்டை கட்டியிருக்கிறது, அரை நாள் லீவு வேண்டும் என்று என் மேஜைக்கு வந்து கேட்டான். நடிக்கிறான், கொடுக்கவில்லை என்று எழுதினேன். அடுத்த இரண்டு நாளும் ஓட்டில் கிடந்தது கோலா நிறம்.

எல்லாவற்றையும் விட நுரைதான் என்னை உறுதிப்படுத்தியது. வீட்டில் அவன் குளியலறையிலிருந்து வந்த பிறகு ஒரு நாள் உள்ளே போனேன். அவன் தண்ணீர் ஊற்றியும் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக நுரை நின்றுகொண்டிருந்தது, சீக்கிரத்தில் அடங்கவில்லை. சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருக்கிறான் கள்ளப்பயல் என்று எழுதினேன். உடம்பில் ஒட்டிய பொடியை வீட்டில் வைத்துக் கழுவுகிறான், அதுவும் என் வீட்டில். அன்று சாப்பாடு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டாள். கலர் சரியாக வரவில்லை என்று சொன்னேன்.

அவளுக்கும் தம்பி மேல் ஒரு கவலை இருந்திருக்கிறது. பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை அவளுக்கு. விடிவதற்குள் கிளம்பிவிடுவாள், வெளிச்சத்தில் தம்பி முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். இவன் சோர்ந்து கிடக்கிறானே, பட்டறையில் ரொம்ப வேலையா என்று ஒரு தடவை என்னிடம் கேட்டாள். நான் அதற்கு, எல்லோரும் பார்க்கிற வேலையைத்தான் அவனும் பார்க்கிறான் என்று வெடுக்கென்று பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

பிறகுதான் சாவி யோசனை வந்தது. கழிவறைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை என் மேஜை மேல் ஆணியில் மாட்டினேன். போகிறவன் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போகட்டும், வந்ததும் நான் உள்ளே போய்ப் பார்ப்பேன். பட்டறையே முணுமுணுத்தது. மாஸ்டருக்கு மூத்திரம் காவல் காக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று காதுபடவே சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

பூட்டுப் போட்ட மூன்றாம் நாளிலிருந்து ஓடு வெள்ளையாக இருந்தது. மச்சினன் சாவி கேட்டு வருவதே இல்லை. காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, ஆவி அடிக்கிற இயந்திரத்தின் முன்னால், வேர்வை சொட்டச் சொட்ட நிற்கிறான், ஒரு தடவைகூட வருவதில்லை. தண்ணீர்ப் பானைப் பக்கமும் போவதில்லை. எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. பயந்துவிட்டான் என்று நோட்டில் எழுதி, அடியில் கோடு வேறு போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி மறுபடி எடை போட்டுப் பார்த்தார். பொடி இன்னும் குறைந்துகொண்டுதான் இருந்தது. அப்படியானால் வேறு வழி கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தேன். அன்று மாலை வேலை விடும் நேரத்தில் வாசலில் முதலாளியை நாற்காலி போட்டு உட்கார வைத்து, எல்லோருடைய பையையும் சோதிக்கச் சொன்னேன். எல்லோருடைய பை என்பது சும்மா. எனக்கு வேண்டியது ஒரு பைதான்.

அவன் முறை வந்தபோது பையைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"மாமா, இது வேணாம். வீட்டுல வச்சுக் காட்டறேன்."

அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு. பிடுங்கினேன். சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, அட்டை அட்டையாக வலி மாத்திரை. அடியில் துணி சுற்றி ஒரு தண்ணீர்ப் பாட்டில், முக்கால்வாசி நிறைந்து. துணியைப் பிரித்ததும் அதே பழுப்பு, சிவப்புத் தூக்கல், எனக்குத் தூக்கத்திலும் தெரிந்த நிறம். சாயத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறான் பாருங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஆண்களும் பெண்களுமாக அறுபது பேர் நின்றார்கள். எந்தச் சாயம் என்று மோந்து சொல்கிறேன் என்று மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன்.

சாயம் இல்லை, மூத்திரம். முன்வரிசையில் நின்றவர்களுக்கு வாசனை போயிருக்க வேண்டும், யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் கையிலிருந்து பாட்டிலையும் மூடியையும் வாங்கி, மெதுவாகத் திருகி மூடினான்.

"அடிக்கடி சாவி கேக்கக் கூச்சமா இருந்துச்சு மாமா. கலரு சாயத்தாலதான். இங்க எல்லாருக்கும் அப்படித்தானே வருது."

எல்லோருக்கும் அப்படி வரவில்லை. அது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். மூன்று மாதம் அந்த ஓட்டைக் குனிந்து குனிந்து பார்த்தவன் நான். இவன் போய் வந்த பிறகு மட்டும்தான் பழுப்பு. பாய்லர்காரர் போனால் இல்லை, முதலாளி போனால் இல்லை. எச்சிலும் வேர்வையும் கலராக வருகிற எங்களில் ஒருவனுக்கும் அது கலராக வரவில்லை. நோட்டில் நானே எழுதி வைத்திருந்ததை அப்போதுதான் நான் படித்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். உப்பிய முகம், வெளுத்த உதடு. இத்தனை வாரமும் அந்த முகத்தில் திருட்டைத் தேடியதில் நோயை விட்டுவிட்டேன்.

மச்சினனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பாட்டிலோடு, வாசலில் நின்ற சரக்கு வண்டியிலேயே ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் அவன் இரண்டு தடவை, எதற்கு மாமா, நான் திருடலை மாமா என்றான். தெரியும் என்றேன்.

டாக்டரம்மா இளவயதுக்காரர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒரு குலுக்குக் குலுக்கி நுரையைப் பார்த்தார், காலை அழுத்தி விரல் பதிந்த குழியைப் பார்த்தார். இரத்தமும் எடுத்து அனுப்பிவிட்டு, எப்போதிலிருந்து இந்த நிறம் என்று கேட்டார். மச்சினனுக்குத் தெரியவில்லை. சாயம் என்று நினைத்ததால் நாளைக் கவனிக்கவில்லை என்றான்.

எனக்குத் தெரியும் என்று சொல்லி, முதலாளியிடம் காட்ட இடுப்பில் செருகி வைத்திருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினெட்டுத் துண்டுகள், பதினெட்டுத் தேதிகள், வெளிறிய பழுப்பிலிருந்து கோலா வரை. பக்கத்தில் என் கையெழுத்தில் முகம் உப்பியது, ஷூவை மடித்து மிதித்தது, தொண்டை கட்டியது, நுரை நின்றது. இவ்வளவு ஒழுங்காக எந்த நோயாளியின் வீட்டாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்றார். பிறகு குடிக்கிறான், நடிக்கிறான், கள்ளப்பயல் என்று இருந்த இடங்களுக்கு வந்திருப்பார். படிப்பதை நிறுத்தி என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அவர் சொன்னது எனக்குப் பாதி அன்றும் மீதி பிறகும்தான் மண்டையில் ஏறியது. கடும் மஞ்சளாகப் போனால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், குடித்தால் வெளிறிவிடும். தேயிலை நிறத்திலும் கோலா நிறத்திலும் போனால் அதில் இரத்தம் கலந்திருக்கலாம், அதைச் சும்மா விடக் கூடாது. அடங்காத நுரை, சிறுநீரகம் பிடித்து வைத்திருக்க வேண்டிய புரதத்தைக் கைவிடுகிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். நிறத்தை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது, சோதனைதான் சொல்லும். சிலருக்குத் தெளிவாகப் போகும்போதே உள்ளே கெட்டுப் போயிருக்கும். இவனுக்குத் தொண்டையில் கிருமி வரும்போதெல்லாம் சிறுநீரகம் வீங்கிச் சிவந்திருக்கிறது. அதைச் சகித்துக்கொண்டு வலி மாத்திரை தின்றது கெடுதல்.

இரத்தச் சோதனை வந்தது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்கின்றன என்றார். மருந்து கொடுத்துப் பார்க்கலாம், எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்ல முடியாது, வராமலும் போகலாம். கடைசி இரண்டு மூன்று வாரத்தில்தான் வேகமாக இறங்கியிருக்க வேண்டும், அந்தச் சூட்டில் ஏன் இவர் தண்ணீரே குடிக்கவில்லை என்று கேட்டார்.

நானே சொன்னேன், கழிவறையைப் பூட்டிச் சாவியை நான் வைத்திருந்தேன் என்று. டாக்டரம்மா அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பொடி எங்கே போனது என்பது மறுநாளே தெரிந்தது. பொடி அனுப்புகிற கம்பெனியின் டப்பாக்களே எடை குறைவு. புதிதாக வந்த ஒன்றைப் பிரிக்காமல் எடை போட்டபோது தெரிந்ததாம். முதலாளி போனில் சொல்லிவிட்டு, மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள் மாஸ்டர் என்றார். என்னைத்தான் சொன்னார், மச்சினனை இல்லை.

மனைவி வேன் வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வராந்தாவில் வைத்து ஒன்று விடாமல் சொன்னேன், கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற சுயநலத்தில். நோட்டைக் கேட்டு வாங்கினாள். ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பின்ரூம்லதானே இருந்தான்," என்றாள். "ஒரு நாளாவது உனக்கு உடம்புக்கு என்னடான்னு கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். பதினைந்து அடி தூரம். அதற்குப் பதிலாக நான் பட்டறைக்குப் போய்த் துணி கத்தரித்தேன்.

பகலில் அவள் வேனுக்குப் போக வேண்டும் என்பதால் நான் லீவு போட்டுக் கூட இருந்தேன். நர்ஸ் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கொடுத்து, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது, என்ன நிறம் என்று சீட்டில் எழுதச் சொன்னாள். மச்சினன் முதல் நாள் என்னிடம் குவளையைத் தரவே மாட்டேன் என்றான். பிறகு எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் தந்தான். நான் ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எழுதினேன். இரண்டு நாள் கோலா. மூன்று நாள் கடுந்தேயிலை. அவன் என்னோடு அளவாகப் பேசினான். போர்வை வேண்டும், விசிறியைக் குறை, அவ்வளவுதான்.

ஆறாம் நாள் மத்தியானம் குவளையைத் தூக்கிப் பிடித்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஜன்னலில் பார்த்தேன், டியூப்லைட்டில் பார்த்தேன். சிவப்பு சுத்தமாக இறங்கியிருந்தது. வைக்கோல் நிறம், அவ்வளவுதான். நிறம் தெளிந்தால் போதாது, இரத்தத்தில்தான் தெரியும் என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்தும் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, தெளிந்துவிட்டதடா, மஞ்சள் மட்டும்தான் இருக்கிறது, பழுப்பே இல்லை என்று சொன்னேன்.

அவன் குவளையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். இடது கண், வலது கண், வாய் என்று நிறுத்தி நிதானமாகப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வாரக்கணக்காக நான் அவனைப் பார்த்தது அப்படித்தான்.

"அக்கா வரட்டும் மாமா," என்றான். "அவ பாத்து சொல்லட்டும்."

சரி என்றேன். குவளையை மூடி ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். அவள் வேன் வேலை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான், நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.